எம்படது என்னென்ன?

மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை பொறுமையாக இருக்கும். பிடுங்கிவிட்டால் பொறுக்காது. ஓரிரு நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கும், மாவுச்சத்து குறையும், அதை அளக்கும் பாயிண்ட் இறங்கும். பாயிண்ட் இறங்கினால் டன்னுக்குக் கிடைக்கும் விலையும் இறங்கும். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மங்களபுரம் பக்கத்துத் தோட்டங்களில் கிழங்கு வாங்கி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு அனுப்புகிற சிறு வியாபாரம் எங்களுடையது. அதனால் எங்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

அப்பா காலத்தில் இந்த அவசரத்துக்கு ஒரு நீள நோட்டும் ஒரு மஞ்சள் பையும் போதுமாக இருந்தன. யார் தோட்டம், எத்தனை டன், எவ்வளவு முன்பணம் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். இரவானால் நோட்டு பீரோவுக்குள் போகும். வேலையாள் மாறினாலும் நோட்டு கடையில்தான் இருக்கும்.

இன்று அந்த நோட்டு எங்கள் ஆட்கள் கையிலுள்ள 14 போன்களாகப் பிரிந்துவிட்டது. எடைமேடைச் சீட்டு, லாரி எண், பாயிண்ட் குறித்த துண்டு எல்லாமே படமாகத்தான் வந்து சேர்கின்றன. பணம் அனுப்புவதற்காக விவசாயியின் வங்கிப் புத்தக முதல் பக்கமும், பல நேரம் ஆதார் அட்டையும் படமாக இருக்கும். இரவில் அந்தப் போன் பீரோவுக்குப் போவதில்லை, அதை வைத்திருப்பவரோடு வீட்டுக்குப் போகிறது. அதே போனில் அவர் குழந்தையின் பிறந்தநாள் படமும் இருக்கிறது.

2023 டிசம்பரில் எங்கள் ஆள் ஒருவர் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் போனைத் தொலைத்துவிட்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்கும் வந்திருந்த ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து, போனை முடக்கச் சொன்னோம். அப்படி முடக்கினால் எந்த சிம் போட்டாலும் அந்தப் போனுக்கு நெட்வொர்க் கிடைக்காது. ஆனால் உள்ளே இருக்கும் படங்கள் அப்படியே இருக்கும். இது எனக்கு அன்றுதான் புரிந்தது. அறுபது குடும்பங்களின் வங்கிக் கணக்கு விவரம் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் தோட்டம் தோட்டமாகப் போய் நானே சொன்னேன். மறைத்துவிட்டுப் பிறகு அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர் நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “போன் போனாப் போகுதுங்க தம்பி. எம்படது அதுல என்னென்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

‘எம்படது’ என்றால் ‘என்னுடையது’. அவருடையது என்னென்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. புத்தகப் படம் இருந்ததா, ஆதாரும் இருந்ததா, போன வருடத்தது அழிக்கப்பட்டதா என்று எதுவும் எனக்குத் தெரியாது. தொலைந்த போனைவிட அதுதான் பெரிய தவறு. அதைத் திருத்தத்தான் எம்.டி.எம். எனப்படும் மொபைல் கருவி மேலாண்மை மென்பொருள் தேட ஆரம்பித்தேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எல்லாப் போன்களுக்கும் பூட்டுக் குறியீட்டைக் கட்டாயமாக்குவது, வேண்டிய செயலியை ஏற்றுவது, வேண்டாததைத் தடுப்பது, தொலைந்தால் உள்ளே இருப்பதை அழிப்பது ஆகியவைதான் இதன் வேலை. தேடியபோது ஒரு சந்தோஷம் கிடைத்தது. இந்தத் துறையில் உலகம் முழுக்க விற்கிற நிறுவனங்களில் சில நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னை ஜோஹோவின் மேனேஜ்என்ஜின், பெங்களூரின் 42கியர்ஸ், புனேயின் ஸ்கேல்ஃபியூஷன் என்று மூன்றைச் சொல்லலாம். போன் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். குறைந்த எண்ணிக்கைக்கு இலவசப் பதிப்பு தருபவர்களும் உண்டு. வாங்குமுன் சில வாரம் சோதித்துப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் நூறு வசதி எழுதியிருந்தாலும் எங்களுக்கு வேண்டியதை எங்கள் ஊர்தான் சொல்லிக்கொடுத்தது. கொல்லிமலையிலும் கிழங்கு விளைகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் சிக்னல் வரும், போகும். அங்கே ஒரு சோதனைப் போனை அனுப்பிவிட்டு, இங்கிருந்து ‘அழி’ என்று கட்டளை கொடுத்தேன். மாலையில் வண்டி கீழே இறங்கிய பிறகுதான் அழிந்தது. சிக்னலே இல்லாத போனுக்குக் கட்டளை போய்ச் சேராது. எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் இதுதான் நிலை. எனவே அழிக்கும் வசதியை மட்டும் நம்பக் கூடாது. போன் திறக்க முடியாதபடி வலுவான பூட்டு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அழிக்க வேண்டியது அதில் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, போன் யாருடையது என்பது. அலுவலகம் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு போனென்றால் உள்ளே இருப்பதை முழுக்க அழித்து, வரவேற்புத் திரையை ஆறு முறை தட்டி, கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் போன் முழுவதும் நிர்வாகத்துக்குள் வரும். வேலையாளின் சொந்தப் போனில் அப்படிச் செய்வது நியாயமில்லை. அதற்கென்றே 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் ‘வேலைப் பகுதி’ என்று தனி அறை இருக்கிறது. அதிலுள்ள செயலிகளின் மேல் சின்னப் பெட்டி அடையாளம் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறையை மட்டும் காலி செய்யலாம். குழந்தையின் பிறந்தநாள் படத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் முடிவு செய்துவிட்டு ஆட்களிடம் சொன்னபோது, எடைமேடையில் பில் போடுகிற பெண் கேட்டார்: “அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன்னும் உங்களுக்குத் தெரியுமுங்களா? என்னோடது நீங்க என்னென்ன பாப்பீங்க?”

பெரியவர் கேட்ட அதே கேள்வி, இந்தத் தடவை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்தத் தடவையும் என்னிடம் பதில் இல்லை.

2021இல் ஹரியானாவின் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இதே காரணத்துக்காகத்தான் போராடினார்கள். வேலைக்குக் கொடுத்த போனில் ‘எம்.டி.எம். 360 ஷீல்டு’ என்ற செயலியை ஏற்றச் சொன்னபோது, தாங்கள் போகுமிடமெல்லாம் கண்காணிக்கப்படும் என்று அஞ்சி மறுத்தார்கள். வீடு வீடாகப் போய் உழைக்கிற பெண்களின் அந்த அச்சத்தை அடம் என்று தள்ள முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன நாடு இது. சம்பளம் கொடுப்பதால் அந்த உரிமை முதலாளியிடம் வந்துவிடுவதில்லை.

அந்தப் பெண் கேட்ட பிறகு தேர்வுமுறையையே மாற்றினேன். எது அதிகம் பார்க்கும் என்று கேட்பதை விட்டு, எதை எல்லாம் பார்க்காமல் நிறுத்திவைக்கலாம் என்று கேட்டேன். வேலை நேரத்துக்கு வெளியே இருப்பிடம் காட்டுவதை நிறுத்த முடியாத மென்பொருளைத் தள்ளினேன். மூன்றைச் சோதித்து ஒன்றை எடுத்தோம். அதன் பெயர் இங்கே முக்கியமில்லை. லாரி ஆபீசுக்கும் கோழிப்பண்ணைக்கும் பள்ளி விடுதிக்கும் தேவை வேறு வேறு.

பிறகு தமிழில் ஒரு தாள் எழுதினோம். அதில் இருப்பது இதுதான். அலுவலகப் போனில் எந்தச் செயலிகள் இருக்கின்றன என்பதும் வேலை நேரத்தில் போன் இருக்கும் இடமும் எங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் உரையாடலோ, அழைப்பில் பேசுவதோ தெரியாது. சொந்தப் போனில் வேலைப் பகுதிக்கு வெளியே எதையும் பார்க்க மாட்டோம். போன் தொலைந்தால் எவ்வளவு நேரமானாலும் உடனே சொல்ல வேண்டும், சொன்னவரைத் திட்ட மாட்டோம். விவசாயியின் வங்கிப் புத்தகப் படம், பணம் போய்ச் சேர்ந்ததும் போனிலிருந்து அழிக்கப்படும். 14 பேரும் படித்து, கேள்வி கேட்டு, இரண்டு வரிகளை மாற்றச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் கடையிலோ ஆலையிலோ இப்படி ஒன்றை வாங்கப் போகிறீர்களானால், விலைப்பட்டியலைத் திறக்குமுன் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவர் அந்தப் போனைச் சுமக்கிறவர், இன்னொருவர் தன் விவரத்தை நம்பி அதில் கொடுத்தவர். ‘எம்படது என்னென்ன?’ என்று இருவரும் கேட்பார்கள். இருவருக்கும் நேராகப் பதில் சொல்லவிடுகிற மென்பொருளே நல்ல மென்பொருள்.

எங்கள் தாள் எடைமேடை அறையில், அன்றைய பாயிண்ட் விலை எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கிழங்கு கொண்டு வருகிற யாரும் படிக்கலாம்.