கையில் வந்து உட்கார்ந்த மருந்து

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க. நோயாளியின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையது, அதை மாற்றவில்லை.

புற்றுநோய்ப் பிரிவில் நான் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நேரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. வயது ஐம்பதுக்கு மேல். சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, ஆறு சுற்று கீமோ ஏற்றி, தலைமுடியெல்லாம் கொட்டி, "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போனவங்க. ஐந்தே மாதத்தில் வயிற்றில் நீர் கோத்துத் திரும்பி வந்தாங்க. முடி அப்போதான் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

இவ்வளவு சீக்கிரம் நோய் திரும்பினால், முன்பு கொடுத்த அதே வகை மருந்தை மறுபடி கொடுப்பதில் பெரிய பலன் இருக்காது. அதனால் எங்கள் பேராசிரியர் எழுதிய மருந்து: பெகிலேட்டட் லைப்போசோமல் டாக்ஸோரூபிசின். வாயில் நுழையாத பெயர். வார்டில் சுருக்கமாக பி.எல்.டி. என்போம்.

விளக்கிச் சொல்லி ஒப்புதல் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு.

"இதுக்கு முடி அவ்வளவா கொட்டாதும்மா. இதயத்துக்கும் பாதிப்பு கம்மி. மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்."

"அப்ப நல்ல மருந்துன்னு சொல்லுங்க டாக்டரம்மா."

"ஆமாம்மா."

கை, கால் சிவக்கலாம் என்பதையும் சொன்னேன். ஒப்புதல் படிவத்தில் பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ வரியாக, மற்ற வரிகளைப் படித்த அதே வேகத்தில்.

அது ஏன் நல்ல மருந்து என்று எனக்கு அன்றைக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன். ஏன்னா, பின்னாடி நடந்ததும் அதே காரணத்தால்தான்.

டாக்ஸோரூபிசின் 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. பாட்டிலில் செக்கச்செவேல்னு இருக்கும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போய், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டில் எல்லாரும் பதறிவிடுவாங்க. செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்து, அதைப் பெருக விடாமல் தடுக்கும். நல்ல வேலைக்காரன். ஆனால் இதயத் தசையை விட்டுவைக்காது. ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவு மில்லிகிராம்தான் என்று கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

சரி, இதை ஒரு குமிழிக்குள் அடைத்து அனுப்பினால்? அந்தக் குமிழிதான் லைப்போசோம். நம் செல்களின் மேலுறை எந்த மாதிரிக் கொழுப்பால் ஆனதோ, கிட்டத்தட்ட அதே மாதிரிக் கொழுப்பில் செய்த பொடிக் குமிழி. குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் குமிழிகளை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள். இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவர் நெருக்கமாகத் தைத்த துணி மாதிரி, இந்தக் குமிழி நுழையாது. கட்டிக்குள் அவசர அவசரமாக முளைத்த ரத்தக் குழாய்கள் ஓட்டை உடைசலாக இருக்கும், அங்கே கசிந்து உள்ளே போகும். (எல்லாக் கட்டியும் அப்படி ஓட்டையாக இருக்காது. எலியில் பார்த்த அளவுக்கு மனிதரில் இல்லை என்பதும் உண்மை. யோசனை இதுதான்.)

1980களில் ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையில் ஆல்பெர்ட்டோ காபிஸோனும் யெஹஸ்கேல் பாரன்ஹோல்ஸும் இதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. குமிழி ரத்தத்தில் கலந்ததுமே ரத்தப் புரதங்கள் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் கணக்கில் அது "இது அந்நியன், பிடி" என்கிற முத்திரை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் இருக்கும் விழுங்கு செல்கள் அதைப் பிடித்துத் தின்றுவிடும். மருந்து கட்டிக்குப் போகாமல் கல்லீரலில் போய் முடிந்தது.

இங்கேதான் பாலிமர் வருது. அதன் பெயர் பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். குடல் பரிசோதனைக்கு முந்தின நாள் இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு பவுடரைக் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அதே பொருள்தான்! பெக்குக்குத் தண்ணீர் என்றால் உயிர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு மூன்று நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலில் அது பேதிக்கு உதவுது. குமிழியின் மேல் நட்டால், சுற்றிலும் ஈரமான, அசைந்துகொண்டே இருக்கும் ஒரு வேலியாக நிற்கும். புரதங்கள் வந்து உட்கார இடம் கிடைக்காது.

'நட்டால்' என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. நானோ பொருள்மேல் பாலிமரை ஒட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எங்க தாத்தா விவசாயி, அதனால் எனக்கு இது இப்படித்தான் மண்டையில் ஏறியது. ஒன்று, சங்கிலியைத் தனியாகத் தயாரித்து, அதைக் கொண்டுவந்து பரப்பின்மேல் ஒட்டுவது. நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுகிற நடவு. மற்றொன்று, பரப்பின்மேலேயே தொடக்கப் புள்ளியை வைத்து, அங்கிருந்தே சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வளர்ப்பது. நேரடி விதைப்பு. நடவில் ஒவ்வொரு நாற்றின் நீளமும் முன்கூட்டியே தெரியும். ஆனால் நட்ட நாற்றே அடுத்த நாற்றை உள்ளே விடாமல் மறைக்கும், அதனால் ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. விதைப்பில் நெருக்கம் அதிகம் கிடைக்கும், எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வளர்ப்பதுதான் பாடு.

நெருக்கம் ஏன் முக்கியம்? சங்கிலிகள் இடைவெளி விட்டு நின்றால் ஒவ்வொன்றும் சுருண்டு காளான் மாதிரிக் குந்திக்கொள்ளும். நடுவில் வெற்றிடம், புரதம் இறங்கிவிடும். நெருங்கி நின்றால் ஒன்றையொன்று தள்ளி நிமிர்ந்து, பிரஷ் மாதிரி நிற்கும். ஆராய்ச்சியாளர்களே இவற்றுக்குக் காளான், பிரஷ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மருந்தில் நடப்பது நடவு. சுமார் 45 கண்ணி நீளமுள்ள பெக் சங்கிலியை முதலில் ஒரு கொழுப்பு மூலக்கூறோடு பிணைத்து, அந்தக் கொழுப்பைக் குமிழியின் சுவருக்குள் செருகிவிடுகிறார்கள். நூறு கொழுப்பு மூலக்கூறுக்கு ஐந்து என்ற கணக்கில்.

விளைவு பெரிசு. சாதாரண டாக்ஸோரூபிசின் ஊசி ஏற்றிய சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டு உடம்பெங்கும் பரவிவிடும். பெக் நட்ட குமிழியோ ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அளவு பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல். 1995 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைத்தான் சொல்வார்கள். 2011-ல் அங்கே இதற்குப் பெரிய தட்டுப்பாடு வந்தபோது, 2012 பிப்ரவரியில் நம்ம ஊர் சன் ஃபார்மாவின் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்துகொள்ள அதே எஃப்.டி.ஏ. தற்காலிக அனுமதி கொடுத்தது. இது துணைக்கதை, சொல்லாமல் இருக்க மனசு வரலை.

இப்போ அந்த அம்மாவிடம் திரும்புவோம்.

முதல் தடவை ஏற்றும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மருந்து இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் சிலருக்கு முகம் சிவந்து, முதுகு வலித்து, மூச்சு முட்டும். அதனால் நிமிடத்துக்கு ஒரு மில்லிகிராம் என்று நத்தை வேகத்தில் தொடங்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. அம்மா தூங்கிட்டாங்க. நான் பெருமையோடு கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனேன். இரண்டாவது மாதமும் அப்படியே. வயிற்று நீர் குறைந்திருந்தது. முடி வளர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது தடவை வந்தபோது இரண்டு கையையும் ஈரத் துண்டில் சுற்றியிருந்தாங்க.

துண்டைப் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்து வீங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பாதம் பரவாயில்லை. கையில்தான் மோசம். அதிலும் வலது கை.

"தீயா எரியுது டாக்டரம்மா. இலயப் புடிக்க முடியல."

"என்ன இலைம்மா?"

"பீடி எல."

முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவங்க. சுளகை மடியில் வைத்து, நனைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, முனையை அழுத்தி மடக்கி, நூல் கட்டி. ஒரு பீடிக்கு இவ்வளவு. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீடி என்று நீங்களே யோசிச்சுக்கோங்க. கீமோ ஏற்றிய மறுநாளே உட்கார்ந்திருக்காங்க. உடம்பு நல்லா இருந்ததால் வழக்கத்தை விட அதிகமாகவே சுற்றியிருக்காங்க. நல்ல மருந்துன்னு நான்தானே சொன்னேன்?

இந்தத் தொல்லைக்குப் பெயர் கை-கால் நோய்க்குறி. பெக் வேலியால் மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுகிறது இல்லையா, அந்த நாள்களில் எங்கே அழுத்தமும் உரசலும் சூடும் அதிகமோ அங்கே நுண்குழாய்களிலிருந்து கசியும். வியர்வை வழியாகவும் மருந்து தோலுக்கு வந்து படிவதைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

2004-ல் வெளியான ஒரு ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 509 பெண்களில் ஒரு பாதிக்குச் சாதாரண டாக்ஸோரூபிசினும் மறுபாதிக்கு பி.எல்.டி.யும் கொடுத்தார்கள். நோயைக் கட்டுப்படுத்தியதில் இரண்டும் சமம். இதயப் பாதிப்பு பி.எல்.டி.யில் தெளிவாகக் குறைவு. முடி கொட்டியது சாதாரண மருந்தில் 66 சதவீதம் பேருக்கு, பி.எல்.டி.யில் 20. கை-கால் நோய்க்குறி? சாதாரண மருந்தில் 2 சதவீதம், பி.எல்.டி.யில் 48. இந்த எண்கள் எனக்கு அன்றைக்கும் மனப்பாடம். தேர்வில் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். இதயத்துக்குப் போகாத நஞ்சில் ஒரு பங்கு கைக்குப் போகிறது என்று தெரிந்த நான், அந்தக் கை தினமும் என்ன செய்யும்னு கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. எழுதினது நான்தான்.

"சுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றாங்க. கோபமாகச் சொல்லலை. ஒரு தகவல் மாதிரி சொன்னாங்க. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது சுற்றை இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். புண் ஆறியதும் அளவைக் கால் பங்கு குறைத்துக் கொடுத்தோம். ஏற்றியதிலிருந்து ஒரு வாரம் வரைக்கும் வெந்நீர் வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம், கையை வைத்து அழுத்துகிற எந்த வேலையும் வேண்டாம் என்று இந்தத் தடவை மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். பீடியை அடியோடு நிறுத்த முடியாது, கம்பெனிப் பாஸ்புக் அவங்க பெயரில் இருக்கு, கணக்கு விட்டுப்போகும் என்றாங்க. அந்த ஒரு வாரம் மகள் சுற்றுவது என்று முடிவானது. ஆறு சுற்றும் முடித்தாங்க. கை அதற்கப்புறம் லேசாகச் சிவந்ததோடு சரி.

பெக் வேலிக்கு வேறு சிக்கல்களும் உண்டு. பற்பசை, முகப்பூச்சு, மலமிளக்கி என்று எங்கெங்கோ பெக் இருப்பதால், இந்த வகை மருந்தே எடுக்காத சிலரின் ரத்தத்திலும் பெக்குக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. அப்படியானவர்களிடம் குமிழியின் ஒளிந்துகொள்ளும் வித்தை சீக்கிரமே வெளுத்துவிடலாம். பெக்குக்குப் பதில் வேறு பாலிமர்களை நட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி மும்முரமாக நடக்குது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஏற்றினால், கை கால் எரிச்சலோ மதமதப்போ தொடங்கின உடனே டாக்டரிடம் சொல்லுங்க. அடுத்த தேதி வரைக்கும் பொறுத்துக்க வேண்டாம். என்ன வேலை பார்க்கிறீங்கன்னு அவங்க கேட்கலைன்னா, நீங்களே சொல்லிடுங்க.

போன வாரம் ஒரு அம்மாவுக்கு இதே மருந்தைத் தொடங்கினேன். தையல் வேலை. மிதிக்கிற மெஷினா, மோட்டார் மெஷினான்னு கேட்டேன். மோட்டார்னாங்க.

"துணி வெட்டுறது யாரும்மா?"

"நான்தான் டாக்டர். ஏன்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.