ஒரு வழங்கி, பன்னிரண்டு திரைகள்

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் குடியிருந்து தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினியோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவுவதுண்டு. அவ்வுறவு 2014இல் தொடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாளோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நம் துறையிலிருந்த பன்னிரண்டு பழைய கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆய்வேட்டைத் தட்டச்சு செய்விக்கும் மாணவர்களை எண்ணியபோது நம் மனம் ஒப்பவில்லை.

குரோம்பேட்டையில் கட்டற்ற மென்பொருள் பயின்ற நண்பரொருவர் வழிகாட்டினார். ஜிம் மெக்குயிலன் 1999இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்னும் திட்டம் அது. பழைய கணினிக்கு வன்தட்டே தேவையில்லை. மின்விசையைப் போட்டதும் அது வலையட்டை வழியே வழங்கியைத் தேடும். வழங்கி அதற்கொரு முகவரியையும் லினக்ஸின் கருவையும் அனுப்பும். அதன்பின் நாம் அழுத்தும் விசைகள் வழங்கிக்குச் செல்லும். திரைக்காட்சி மட்டும் திரும்பி வரும். நிரல்கள் ஓடுவதெல்லாம் வழங்கியில்தான். ஆகவே 256 எம்பி நினைவகமுள்ள கிழக்கணினியும் புதியதைப்போல் இயங்கிற்று.

ஈராண்டுகள் இனிதே கழிந்தன. ஒருநாள் காலை வழங்கியின் வன்தட்டு பழுதுற்றது. பன்னிரண்டு திரைகளும் ஒருசேர இருண்டன. படியெடுத்து வைக்காதது நம் பிழையே. ஒரு மாணவியின் ஆய்வேட்டில் மூன்று இயல்கள் போயின. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் தட்டச்சு செய்ய அமர்ந்தார். உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி அலைந்த காரணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் நாம், ஒற்றைப் பிரதியை நம்பியிருந்தோம்! அன்றே இரண்டாவது வன்தட்டொன்றை வாங்கினோம், இரவுதோறும் படியெடுத்தோம்.

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. எத்தனையோ தாழ்வாரங்களில் கணினிகள் மீண்டும் குவியும். 2019இல் புதுக்கி எழுதப்பெற்ற அதே திட்டத்தில், நிரல்கள் அந்தந்தக் கணினியிலேயே ஓடுகின்றன. கிடப்பிலுள்ள கணினிகளின் வலுவுக்கு அது பொருந்தும். அவற்றை எறிந்துவிட வேண்டா. ஆனால் மாணவர் எழுத்தை ஓரிடத்தில் சேர்க்குமுன், அதன் படி மற்றோரிடத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.