கல் தேரின் நிழலில் ஒரு படகு



புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலுக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். கீரனூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில், செம்மண் நிலங்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் அது. கடற்காற்று எட்டிப் பார்க்காத ஊர். ஆயினும், ஒரு படகைத் தரைவழியே எவ்வாறு கொண்டு செல்ல வேண்டும் என்ற பாடத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

என் மைத்துனர் வளைகுடா நாடொன்றில் 16 ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றியவர். வெள்ளிக்கிழமைதோறும் அரபி முதலாளியின் மோட்டார் படகை டிரெய்லரில் வைத்து, காரின் பின்னால் பூட்டி, கடற்கரைக்கு இழுத்துச் செல்வது அவருடைய வேலைகளுள் ஒன்று. ஊர் திரும்பியவர், கோட்டைப்பட்டினத்தில் மீன்பிடிக்கும் தம் உறவினருக்காக 16 அடி நீளமுள்ள ஃபைபர் படகொன்றை எஞ்சினோடு வாங்கினார். திருச்சியில் ஒரு பட்டறையில் அதற்கு இரு சக்கர டிரெய்லர் செய்து, முறைப்படி பதிவு எண்ணும் பெற்றார். படகைக் கொண்டு சேர்க்கும் பயணத்தில் என்னையும் உடன் அழைத்தார்.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். பட்டறைப் பையன் படகின் நடுவே குறுக்காக ஒரு நைலான் கயிற்றைப் போட்டு இறுக்கி, "போதும் பாய், அசையாது" என்றான். மைத்துனர் ஒரு கணம் தயங்கினார். நேரமாகிவிட்டது என்று அவரை அவசரப்படுத்தியவன் நான்தான். ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. படகின் முகப்பு வளையத்தையும் டிரெய்லரின் முன்கம்பத்தையும் இணைத்து ஒரு சங்கிலியை மாட்டினார்.

அவருடைய தமக்கையார் வீட்டிற்குச் சென்றுவிட்டுப் போகலாம் என்று கீரனூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினோம். குன்றாண்டார்கோவிலை நெருங்கும்போது ஒரு வேகத்தடை. ஜீப் ஏறி இறங்கியது. டிரெய்லர் குதித்தது. சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் கைகளை வீசியபடி ஓடிவந்தார்.

"பாய்! நிறுத்துங்க, நிறுத்துங்க! படகு சரியுது!"

இறங்கிப் பார்த்தோம். நெஞ்சு உறைந்துவிட்டது. படகின் பின்பகுதி இரண்டு முழம் விலகி, எஞ்சினோடு சாலைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. குறுக்குக் கயிறு தொய்ந்து கிடந்தது. முகப்புச் சங்கிலி ஒன்றுதான் படகைப் பிடித்து வைத்திருந்தது. பத்தடி தொலைவில், பள்ளிக்குச் செல்லும் இரண்டு சிறுமியர் மிதிவண்டிகளை நிறுத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். இன்னொரு வேகத்தடை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே நடுங்குகிறது.

மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், அங்கே ஒரு நாள்கூட இப்படி நான் வண்டி எடுத்ததில்லை. நம் ஊருக்கு இது போதும் என்று நினைத்துவிட்டேன். அதுதான் தவறு" என்றார்.

கீரனூர் வரை ஒருவரை அனுப்பி, லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்டுகளை வாங்கிவரச் செய்தோம். காத்திருந்த வேளையில்தான் அவ்வூரின் புகழ்பெற்ற மண்டபத்தைக் கண்டேன். எட்டாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து அமைத்த குகைக் கோயிலின் முன்னே, பிற்காலத்தில் எழுப்பப்பட்ட நூற்றுக்கால் மண்டபம் அது. மண்டபம் முழுவதையும் ஒரு தேராகவே வடித்திருக்கிறார்கள். பக்கத்தில் கல் சக்கரங்கள். இழுத்துச் செல்லும் பாவனையில் கல் குதிரைகள். இன்று தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்தக் கல் தேருக்குக் கயிறு வேண்டாம். அது எங்கும் போகப்போவதில்லை. ஓடுகிற தேரின் கதை வேறு. நம் ஊர்களில் மரத் தேர் ஓடும்போது கவனித்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் பல நூறு பேர் என்றால், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவோர் சிலர்தாம். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தச் சிலரின் கையில் இருக்கிறது. மைத்துனரும் முதல் வேலையாக டிரெய்லர் சக்கரங்களின் அடியில் கற்களை முட்டுக் கொடுத்தார். அதன் பின்னரே படகில் கை வைத்தார்.

தேநீர்க் கடைக்காரரும் வேறு நால்வரும் தோள் கொடுக்க, படகு மீண்டும் நடுவிற்கு வந்தது. இனி அவர் செய்ததைச் சொல்கிறேன், செவிமடுங்கள்.

படகின் முன்பகுதியை நம் கடலோர மக்கள் அணியம் என்பர். அணியத்தை முன்கம்பத்தின் ரப்பர் தாங்கியோடு ஒட்ட இழுத்துப் பூட்டினார். பெல்ட் அறுந்தாலும் படகு பின்னே வழுக்காதிருக்க, பழைய சங்கிலியையும் விட்டுவைத்தார். அடுத்து, அமரம் எனப்படும் பின்பகுதி. அதன் இருபுற வளையங்களிலிருந்தும் டிரெய்லரின் சட்டத்திற்குத் தனித்தனியே ஒரு பெல்ட் போட்டு, இரண்டையும் சமமாக இறுக்கினார். இந்த இரண்டும் இல்லாததால்தான் எங்கள் படகு வேகத்தடையில் எம்பி விலகியது. நைலான் கயிறு இழுபட்டால் நீளும் இயல்புடையது. எம்பும் படகை அது அடக்காது. அவ்வளவு நீளாத பாலியெஸ்டர் பெல்ட்டே ஏற்றது. பெல்ட் கூரிய விளிம்பில் உரசும் இடங்களில் பழைய துணியை மடித்து வைத்தார். காற்றில் அது படபடத்துத் தேயாமலிருக்க ஒரே ஒரு முறுக்கு முறுக்கினார்.

எஞ்சினை மேலே சாய்த்து, தரையில் தட்டாதபடி கீழே ஒரு கட்டையை அண்டைக் கொடுத்துக் கட்டினார். நங்கூரம், பெட்ரோல் தொட்டி, துடுப்பு ஆகியவற்றை இறக்கி ஜீப்பில் வைத்தார். காற்றில் பறக்கும் ஒரு துடுப்பு பின்னால் வருபவரின் உயிரைப் பறிக்கப் போதுமானது அல்லவா?

பின்னர் ஜீப்பும் டிரெய்லரும் இணையும் கொக்கியைச் சோதித்தார். பூட்டு ஊசி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இழுகம்பியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினார். கொக்கி கழன்றாலும் இழுகம்பி தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது கொக்கியை அழுத்த வேண்டுமாம். எஞ்சினின் கனத்தால் பின்புறம் தாழ்ந்துவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியும்.

இத்தனையும் செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. காலையில் நான் மிச்சப்படுத்த நினைத்தது அந்த அரை மணி நேரத்தைத்தான்!

இது படகுக்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவச் சகோதரர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள் அவ்வாறு சென்றன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அம்மீனவர்கள் மீட்டதாக அம்மாநில அரசு அறிவித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் தெருக்களிலேயே படகுகள் ஓடி மக்களைக் காத்தன. கடலில் கிடக்கும் படகு ஊருக்குள் வர வேண்டுமானால் சாலை வழியேதான் வர வேண்டும். வழியில் சரிந்துவிட்ட படகு எவரையும் கரை சேர்ப்பதில்லை.

தேநீருக்கு அன்று கடைக்காரர் காசு வாங்கவில்லை. "பிள்ளைங்க போற பாதை பாய், பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

புறப்பட்ட சில கிலோமீட்டரிலேயே மைத்துனர் மீண்டும் நிறுத்தினார். புதிதாக இறுக்கிய பெல்ட்டுகள் சற்றுத் தளர்ந்திருந்தன. மறுபடியும் இறுக்கினார். சக்கரங்களின் நடுக்குடத்தில் கை வைத்து, சூடேறியிருக்கிறதா என்று பார்த்தார். அதன் பின் இரண்டு இடங்களிலும் இதையே செய்தார். நானும் இறங்கி உடன் நின்றேன். நேரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மக்ரிபுக்குச் சற்று முன்பாகக் கோட்டைப்பட்டினம் சேர்ந்தோம். படகை நீரில் இறக்கும் முன் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு மூடியை எடுத்தார். மழைநீர் தேங்காமலிருக்கப் படகின் அடித்துளையிலிருந்து கழற்றி வைத்திருந்த மூடி. அதைத் திருகிப் பொருத்திய பிறகே படகு நீரைத் தொட்டது. மறந்திருந்தால், தரையில் தப்பிய படகு நீரில் மூழ்கியிருக்கும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விடலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டச் சொன்ன நபிமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். அதைக் கேட்டிருந்தும் அன்று நான் அவசரப்படுத்தினேன். வாசகரே, உங்கள் வண்டியில் இருப்பது படகோ, கட்டிலோ, கல்யாணச் சாமானோ, எதுவாயினும் ஆகட்டும். கட்டுங்கள், சற்றுத் தூரம் சென்று இறங்கி மீண்டும் பாருங்கள். பின்னால் மிதிவண்டியில் வரும் பிள்ளைகள் உங்களை நம்பியே வருகிறார்கள்.