செவலை பறித்த குழி

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆனதும் அவனுக்கு ஒரு கூண்டு செய்தோம். பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, தகரம் போட்டு, பச்சை பெயின்ட் பூசி, கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. அவன் இரவில் மட்டும் அதற்குள் படுத்தான். பகலில் அவிழ்த்துவிட்டால் நேராகக் கொல்லைக்கு ஓடி, துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பறித்துக் குழியாக்கி, அதில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்வான். நான் மண் போட்டு மூடுவேன். மறுநாள் மறுபடி பறித்திருப்பான். சொல்பேச்சு கேட்காத நாய் என்று அதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

கத்திரி வெயிலில் ஒரு நாள், ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டி இருந்ததால் அவனைக் கூண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது சாயங்காலம் நாலரை. நாக்கு முழுசாக வெளியே தொங்க, எச்சில் நூலாக வடிய, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். கூண்டின் கூரையில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவர் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டரில் 106 டிகிரி. நாய்க்கு இயல்பான சூடே 101 முதல் 102.5 வரைதான்.

பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு மருத்துவர் சொன்னதை மறக்க முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இழுக்கிற காற்றே அனலாக இருந்தால் இரைத்து என்ன பயன்? துவைகல்லடியில் அவன் தேடியது குளிர்ந்த மண். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் காவலுக்குத் தோதான இடத்தைப் பார்த்தோமே தவிர, படுக்கத் தோதான இடத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே தெருக்கோடியில் இருந்த வயசான கொத்தனாரை அழைத்துவந்தேன். கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாய் எங்க படுக்குதோ அங்கயே கட்டிடலாம் தம்பி" என்றார். துவைகல்லை ஒட்டி ஒரு வேப்பமரம். மதியத்துக்கு மேல் அதன் நிழல் அந்த இடத்தில்தான் விழும். வாடைக்கும் கொண்டலுக்கும் முதுகு காட்ட வேண்டும் என்று வடக்கிலும் கிழக்கிலும் செங்கல் சுவர் வைத்தார். எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அந்த இரண்டு திசையிலிருந்துதான் அடிக்கும். வாசல் தெற்கே, தென்றலுக்கு. நாலடிக்கு மூணடி, அவன் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, சூடு வெளியேறுவதற்கு. அதே பழைய தகரம்தான் கூரை. ஆனால் மேலே இரண்டு அடுக்குத் தென்னங்கீற்று. கீற்று போட்ட பிறகு உள்ளே கை விட்டுப் பார்த்தேன். திண்ணை நிழல் போல இருந்தது.

தரையை அரை அடி உயர்த்தி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, மேலே ஒரு பலகை போட்டோம். சுவரை வழவழவென்று பூசச் சொன்னதும் அவர்தான். காரணம் உண்ணி. அது நாயின் மேலேயே இருந்துவிடுவதில்லை. ரத்தம் குடித்ததும் இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் சுண்டிச் செத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். சாக்கு விரித்தால் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுவேன். குடிக்கத் தண்ணீர் மண்சட்டியில், காலையும் மதியமும் மாற்றி. பிளாஸ்டிக் கிண்ணத்தில் அந்தக் குளிர்ச்சி நிற்காது.

இவ்வளவு செய்தாலும் கூண்டு கூண்டுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவனை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். தீபாவளி இரவும் கட்டிலுக்கடியில்தான் அவனுக்கு இடம்.

1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்ப்பவர் தன் பிராணிக்குச் சாப்பாடு, தண்ணீர், ஒதுங்க இடம் தராவிட்டால் அது குற்றம் என்கிறது. கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாததும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. அதற்குப் பயந்து யாரும் நிழல் தரப்போவதில்லை. வளர்க்கிற நமக்கே தோன்ற வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலும் தகரக் கூண்டு இருக்கலாம். சித்திரை மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் கையை விட்டு ஐந்து நிமிஷம் வைத்திருந்து பாருங்கள். முடியவில்லை என்றால், அன்றைக்கே அதை மரத்தடிக்கு நகர்த்திவிடுங்கள்.