கடலைக்கு விசா கிடைக்கலை!

ஃபாரின் போய்ப் படிக்கப் போறீங்களா பாஸ்? பாஸ்போர்ட் ரெடி, மார்க் ஷீட் ரெடி, அம்மா போட்ட மாவடு பாட்டில்கூட ரெடி. சூப்பர்! ஆனா, உங்க ரூம் மூலையில ராத்திரி பூரா 'கடகட'னு சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கே ஒரு குட்டி ஜீவன், அதுக்கு என்ன ஏற்பாடு?

சிரிக்காதீங்க. போன வருஷம் எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்க இதே கேள்வியோட என் முன்னாடி வந்து நின்னாங்க. ஒரு கையில மூணு அட்மிஷன் லெட்டர்... லண்டன், பிரிஸ்பேன், ஹவாய். இன்னொரு கையில ஒரு கூண்டு. கூண்டுக்குள்ள 'கடலை'. ஒரு வயசு முடிஞ்ச தங்க நிற ஹாம்ஸ்டர். வேர்க்கடலைய ரெண்டு கன்னத்துலயும் அடக்கி வெச்சுக்கிட்டு, எதுவுமே தெரியாத மாதிரி முழிக்கும். அதான் அந்தப் பேரு. (கேம்பஸ்ல 'கடலை'க்கு வேற அர்த்தம்னு எனக்கும் தெரியும். இது அந்தக் கடலை இல்லை!)

"இவன் எந்த ஊருக்கு வர முடியுமோ, அந்த ஊர்லதான் நான் படிப்பேன். எதுன்னு பார்த்துச் சொல்லுடி"ன்னாங்க. செமஸ்டர் சிலபஸைத் தவிர வேற எதைக் கொடுத்தாலும் விழுந்து விழுந்து படிக்கறவ நான். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அந்தந்த நாட்டு அரசாங்கம் போட்டிருக்கற விதிமுறைகளைப் படிச்சேன். வாங்க, கூண்டை மடியில வெச்சுக்கிட்டு நாமளும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

முதல் ஸ்டாப், லண்டன்

பிரிட்டன்ல நாய், பூனைக்கு 2000-ம் வருஷமே ஒரு பயணத் திட்டம் கொண்டு வந்துட்டாங்க. மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அப்புறம் மூணு மாசக் காத்திருப்பு... இதையெல்லாம் ஊர்லயே முடிச்சுட்டா, இன்னிக்கு இந்தியாவுல இருந்து போற நாய்கூட அங்கே போய்ப் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. 'அட, நாய்க்கே வழி இருக்கு, உள்ளங்கை சைஸ் ஹாம்ஸ்டருக்கு இருக்காதா?'ன்னு நானும் நம்பிட்டேன்.

ம்ஹூம்! ஹாம்ஸ்டர், கினிப் பன்றி மாதிரி கொறிக்கிற பிராணிகளுக்குன்னு அங்கீகரிக்கப்பட்ட ரேபிஸ் தடுப்பூசியே கிடையாது. அதனால ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர்ற ஹாம்ஸ்டருக்கு இறக்குமதி லைசென்ஸ் வாங்கணும், நாலு மாசம் குவாரன்டைன்ல வைக்கணும். செலவு முழுக்க நம்மளுது.

'நாலே மாசம்தானே?'ங்கறீங்களா? 2020-ல பதினாலு நாள் குவாரன்டைனுக்கு நாம போட்ட ஆட்டத்தை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கோங்க. இப்ப கணக்குக்கு வாங்க. ஹாம்ஸ்டரோட ஆயுசு ரெண்டுல இருந்து மூணு வருஷம். ரெண்டு வருஷம்னு வெச்சுக்கிட்டா, நாலு மாசம்ங்கறது அதோட ஆயுசுல ஆறுல ஒரு பங்கு! எழுபத்திரண்டு வயசு வாழற மனுஷனுக்கு அது பன்னெண்டு வருஷம். ஒண்ணாம் கிளாஸ்ல ஆரம்பிச்சு ப்ளஸ் டூ முடியற வரைக்கும், முன்னப் பின்ன தெரியாத இடத்துல, தெரியாத ஆளுங்களோட.

அக்கா லண்டன் லெட்டரை மடிச்சுக் கீழே வெச்சுட்டாங்க.

அடுத்த ஸ்டாப், பிரிஸ்பேன்

ஆஸ்திரேலியாவுல குவாரன்டைன் பிரச்னையே இல்லை. ஏன்னா, ஹாம்ஸ்டரை உள்ளேயே விட மாட்டாங்க. வெளியே இருந்து கொண்டு போறதும் தப்பு, அங்கே வளர்க்கறதும் தப்பு. 'என்னங்கடா ஓவரா பண்றீங்க?'ன்னு எனக்கும் கோபம் வந்துச்சு. அப்புறம்தான் அவங்க பட்ட அடி தெரிஞ்சுது.

1859-ல விக்டோரியா மாகாணத்துல தாமஸ் ஆஸ்டின்னு ஒரு பண்ணைக்காரர், வேட்டையாடிப் பொழுதுபோக்கறதுக்காக இங்கிலாந்துல இருந்து முயல் வரவழைச்சார். மொத்தமே இருபத்து நாலு. அது கோடிக்கணக்குல பெருகி, கண்டத்தையே மேய்ஞ்சுடுச்சு. முயலைத் தடுக்கறதுக்காகவே மேற்கு ஆஸ்திரேலியாவுல 1901-ல ஆரம்பிச்சு 1907 வரைக்கும் வேலி போட்டாங்க. முதல் வேலி மட்டுமே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல! (முயல் கொறிக்கிற பிராணி வகையில வராது, தனி வகை. ஆனா, அடி அடிதானே!) பிரிஸ்பேன் இருக்கற குயின்ஸ்லாந்து மாகாணத்துல செல்லத்துக்குக்கூட முயல் வளர்க்க முடியாது. ஆராய்ச்சி, பொதுக் காட்சி, மேஜிக் ஷோ... இதுக்கு மட்டும்தான் பர்மிட். மேஜிக்காரர் தொப்பிக்குள்ள இருந்து எடுக்கற முயலுக்கே பர்மிட் வேணும்னா, கடலைய யார் கேட்கப் போறாங்க?

ரெண்டாவது லெட்டரும் அவுட்.

மூணாவது ஸ்டாப், ஹவாய்

கடல், மணல், எரிமலை... அக்காவோட கனவு ஊர் இதுதான். அங்கேயும் ஹாம்ஸ்டருக்குத் தடை. கூண்டுல இருந்து தப்பிச்சு, அந்த இதமான க்ளைமேட்ல பெருகிட்டா, பயிரும் போச்சு, அந்தத் தீவுல மட்டுமே இருக்கற உயிர்களும் போச்சுங்கற பயம்.

அந்தப் பயத்துக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கு. அதுல நம்ம ஊரு ஹீரோவும் இருக்கார். 1872-ல கல்கத்தாவுல இருந்து ஒன்பது கீரிப்பிள்ளைகளை ஜமைக்காவுக்குக் கொண்டு போனாங்க, கரும்புத் தோட்டத்து எலியப் பிடிக்க. அங்கே இருந்து 1883-ல ஹவாய்க்கும் இறக்கினாங்க. ஆனா, கீரி பகல் ஷிஃப்ட்டு, எலி நைட் ஷிஃப்ட்டு! எலி பாட்டுக்குக் கரும்பைக் கடிச்சுது, கீரி தரையில கூடு கட்டற பறவைகளோட முட்டையைக் காலி பண்ணுச்சு. இன்னிக்கு வரைக்கும் தீர்க்க முடியாத தலைவலி அது. அப்படிப்பட்ட ஊர், 'குட்டியாத்தான் இருக்கு, ஒண்ணும் பண்ணாது'ன்னு நாம சொன்னா நம்புமா?

சரி, ஹாம்ஸ்டர் வேணாம், வெள்ளை எலி வளர்க்கறேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு தகவல். கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணம் 1950-ல இருந்து எலிக்கு எதிரா போர் நடத்திட்டு இருக்கு. அங்கே செல்ல எலியும் சட்டவிரோதம்தான்.

'ஃப்ளைட்ல போன் பண்ணிக் கேட்டுக்கலாம்'னு மட்டும் தயவுசெய்து நினைக்காதீங்க. 2017 நவம்பர்ல அமெரிக்காவோட பால்டிமோர் ஏர்போர்ட்ல ஒரு காலேஜ் பொண்ணு. போன்ல கேட்டப்ப 'கொண்டு வரலாம்'னு சொன்னாங்கன்னு நம்பி, குட்டி ஹாம்ஸ்டரோட கிளம்பி வந்திருக்காங்க. கவுன்டர்ல 'முடியாது'ன்னுட்டாங்க. கூட யாரும் இல்லை, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு. கடைசியில அதை டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணே இதை வெளியில சொல்லி அழுதாங்க. யார் மேல தப்புங்கற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். கவுன்டர் முன்னாடி நின்னு முடிவெடுக்கற நிலைமைக்கு நம்ம செல்லத்தைக் கொண்டு போகவே கூடாது. ஏர்லைன்ஸ் ரூல் வேற, போற நாட்டோட ரூல் வேற. ரெண்டையும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிடுங்க.

கடலையோட சொந்த ஊரு

இதைப் படிச்சப்பதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 1930-ல சிரியாவோட அலெப்போ பக்கம், ஒரு கோதுமை வயல்ல எட்டடி ஆழம் தோண்டி, ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார் இஸ்ரேல் அஹரோனிங்கற விலங்கியல் அறிஞர். காலா அசார் நோய் ஆராய்ச்சிக்காக. பயத்துல அந்தத் தாய் தன் குட்டி ஒண்ணையே கடிச்சுக் கொன்னுடுச்சு. தப்பிச்சது, செத்தது போக மிஞ்சின ரெண்டு மூணோட வம்சம்தான் இன்னிக்கு உலகம் பூரா வீடுகள்ல வளர்ற தங்க ஹாம்ஸ்டர்ல பெரும்பாலானவை. 1931-ல இங்கிலாந்துக்கு முதல்ல போனதுங்க ஒரு விஞ்ஞானியோட கோட் பாக்கெட்லதான் போச்சுன்னு சொல்வாங்க. விசாவாவது லைசென்ஸாவது! சொந்த ஊர்ல, காட்டுல வாழற இனமோ இன்னிக்கு அழியற நிலையில இருக்கு.

அக்காகிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஒரு தடவை பிடிச்சு இழுத்துட்டு வந்தது போதும்டி. இவன் இங்கேயே இருக்கட்டும்"னாங்க. லண்டன் லெட்டரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. கூண்டு என் கைக்கு வந்துடுச்சு.

ஆக, கடலை கிளம்பின ஒரே பயணம் அடையாறு டு குரோம்பேட்டை. ஆட்டோ அண்ணன் கண்ணாடியில பார்த்துட்டு, "எலிப் பொறியாம்மா? ஏரிப் பக்கம் நிறுத்தவா, விட்டுடறியா?"ன்னார். வீட்டுல அம்மா, "இருக்கற எலியத் துரத்தவே வழியக் காணோம், நீ ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வர்றியா?"ன்னாங்க. இப்ப அவங்கதான் தினமும் வெள்ளரிக்காய் நறுக்கிப் போடறாங்க.

உங்களுக்கும் இப்படி ஒரு நிலைமை வந்தா சில விஷயங்கள். கூண்டைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொடுக்காதீங்க. பழைய மரத்தூள் கொஞ்சம் உள்ளே இருக்கட்டும், அந்த வாசனைதான் அதுக்கு வீடு. துணைக்குன்னு இன்னொரு ஹாம்ஸ்டரை உள்ளே விடாதீங்க. இந்தத் தங்க நிற வகை தனிமை விரும்பி, சண்டை போட்டுச் சாகும். நம்ம ஊர் மே மாசச் சூட்டுல நிழலான, காத்தோட்டமான இடம் பார்த்து வைங்க. தோட்டத்துல திறந்து மட்டும் விட்டுடாதீங்க. அது விடுதலை இல்லை, காக்காவுக்கு விருந்து. ஃபைனல் இயர்ல இருக்கீங்க, அடுத்த வருஷம் எங்கே இருப்பீங்கன்னே தெரியலையா? இப்ப வாங்கவே வாங்காதீங்க.

அக்கா ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ணுவாங்க. அவங்களுக்கு மத்தியானம், நமக்கு ராத்திரி, கடலைக்கு அப்பதான் விடியும். சக்கரம் முன்னே மாதிரி வேகமா சுத்தறதில்லை. ரெண்டு வயசு தாண்டிடுச்சு. "அடுத்த டிசம்பர் லீவுக்கு வர்றேன், இவனுக்கு நல்ல பாதாம் வாங்கிட்டு வர்றேன்"னாங்க போன வாரம். அடுத்த டிசம்பர்ல அதுக்கு என்ன வயசுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நான், "சரிக்கா, உப்பு போடாததா வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்.