கோட்டுக்கு அந்தப் பக்கம் கோட்டக்குப்பம்

பாண்டியிலிருந்து ஈசிஆரில் வடக்கே போனவர்களுக்குத் தெரியும். முத்தியால்பேட்டை எங்கே முடிந்தது என்று தெரியாமலே கோட்டக்குப்பம் வந்துவிடும். அதே கடைகள், அதே நெரிசல். போர்டில் மட்டும் தமிழ்நாடு. இங்கே குடியிருப்பவர் பாண்டியில் வேலை பார்ப்பார், பெட்ரோலும் அங்கேதான் போடுவார் (விலை குறைவாச்சே!). ஆனால் பட்டாவுக்கு வானூர் தாலுகா ஆபீஸுக்குத்தான் போகவேண்டும்.

இந்தக் கோடு எப்படி வந்தது?

பாண்டி திட்டமிட்டுக் கட்டிய ஊர். 1693-ல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் நேர்க்கோட்டுத் தெருக்களுக்குப் படம் போட்டார்கள். 1699-ல் ஊரைத் திரும்ப வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியும், அதே தெருக்களின் மேல் ஊர் மறுபடி எழுந்தது. பிரெஞ்சிந்தியாவின் தலைநகர் ஆயிற்றே! ஆனால் அந்தத் திட்டம் புல்வாரோடு சரி. அதற்கு வெளியே கிராமங்கள்தான். கோட்டக்குப்பம் ஆங்கிலேயர் பக்கம். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனது, கோடு மட்டும் மாநில எல்லையாக நின்றுவிட்டது.

பிறகு நடந்தது சாதாரண காமர்ஸ் கணக்கு. கோட்டுக்குள் இடம் கொஞ்சம், தேவை அதிகம். அப்போது தேவை கோட்டைத் தாண்டும். 1968-ல் பக்கத்திலேயே ஆரோவில், 1985-ல் காலாப்பட்டில் பல்கலைக்கழகம், 1998-ல் ஈசிஆர். போதாக்குறைக்கு பிரான்சிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பணம். தோப்பும் கொல்லையும் மனைகளாயின. ஏக்கரில் பேசிய விலையைச் சதுர அடியில் பேச ஆரம்பித்தால் எந்த விவசாயிதான் விற்கமாட்டார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி வேறு. சாக்கடைக்கு யார் இடம் விட்டது?

மனை போடுகிறவர் கல் நட்டு, மண் ரோடு விட்டு, கிரயம் முடித்துப் போய்விடுவார். தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். 2016-ல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்றது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதாவது வீடு முதலில், திட்டம் அப்புறம். 2011 கணக்கெடுப்பிலேயே முப்பதாயிரம் பேரைத் தாண்டிவிட்ட கோட்டக்குப்பம் நகராட்சியானது 2021-ல்தான்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். கான்பெராவைத் தலைநகராகக் கட்டும்போது அரசு அங்கிருந்த ஆட்டுப் பண்ணைகளை விலைக்கு வாங்கியது. நிலம் இன்றும் அரசுடையது, வீடு கட்ட 99 வருடக் குத்தகைதான். பண்ணை புறநகரானபோது கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு ரோடு போடுகிறவர் கைக்கே வந்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் கோட்டுக்கு அந்தப் பக்கம் குவின்பியன் என்று ஓர் ஊர் உண்டு. 1928 வரை கான்பெராவில் சாராயக் கடை கிடையாது, எல்லோரும் குவின்பியனுக்குத்தான் போவார்களாம். நம்மூரில் தலைகீழ்!

கோட்டுக்கு இருபுறமும் லாபம் மட்டும் போய் வரவில்லை. 1980-களின் கடைசியில் பாண்டித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். வடக்கே நகரவேண்டிய மணல் அங்கேயே நின்றது. முதலில் பாண்டி கடற்கரை போனது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பத்தின் மீனவக் குப்பங்களுக்கு வந்தது. துறைமுகம் ஒரு அரசுடையது, இடிந்த வீடு இன்னொரு அரசின் கணக்கில். மணலுக்குப் போர்டு படிக்கத் தெரியாதே.

தலைநகரைத் திட்டமிட்டவர்கள் கோடு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். ஊர் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. இரண்டு அரசும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்க்காத வரைக்கும், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்தான். இந்த பேலன்ஸ் ஷீட் எப்படி டேலி ஆகும், நீங்களே சொல்லுங்கள்?