முக்காலி

எங்கள் வடகரப்பதியில் ஆடிக்காற்று விளையாட்டல்ல. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்ற பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பனைமரங்களையே உலுக்கிப் பார்க்கும்.

மறுநாள் இடிக்கவிருந்த தாத்தாவின் ஓட்டுவீட்டை அந்தியொளியில் படமெடுத்தேன். வெளிச்சம் குறைவு, காமிராவின் கண் ஒரு நொடி திறந்திருக்க வேண்டும். தூக்க எளிது என்று வாங்கிய முக்காலியோ காற்றில் நடுங்கிற்று. சிறு திரையில் தெளிவாய்த் தெரிந்த படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கினேன். திண்ணையும் தூணும் கலங்கியிருந்தன. அதற்குள் வீடு மண்மேடாகிவிட்டது.

நண்பர்களே, முக்காலி வாங்குமுன் அதன் தலையை அழுத்தித் திருகிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். நிறுத்தும்போது தடித்த மேற்பகுதிக் கால்களை முதலில் நீட்டுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றடித்தால் கனமான பையை நடுவில் தொங்கவிட்டுத் தரையைத் தொடச் செய்யுங்கள். முக்காலியே இல்லையெனில், மதில்மேல் ஒரு மணற்பையும் போதும்.

நான் விலையைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன். பிறந்த ஊரின் காற்றை மறந்தேன்.